துண்டு எங்கே போனது?

பத்தாம் வகுப்புக்கு மரபியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். மனித உடல் செல்லில் 46 குரோமோசோம்கள், 23 இணைகள் என்று கரும்பலகையில் எழுதி முடித்திருந்தேன். கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான்.

“டீச்சர், படத்துல எல்லாம் ப்ளட் கேன்சர்னு சொன்னா ரத்தம் கக்கிச் செத்துப்போறாங்களே, நிஜமாவே அப்படித்தானா?”

மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. பாடத்தை முடித்தாக வேண்டும். “ஆமாப்பா, அது வந்தா பிழைக்கிறது கஷ்டம்தான். சரி, நோட்டுல எழுதுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன்.

மூன்றாவது வரிசையில் உட்காரும் மாணவி மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்து வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டேன். நான்காம் நாள், காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் அவளுடைய அப்பா வந்தார். சரக்கு ஆட்டோ ஓட்டுபவர். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“டீச்சர், எனக்கு ரத்தத்துல புற்றுநோய்னு சொல்லி எட்டு வருஷம் ஆச்சு. தினம் சாப்பிட்டதும் இந்த மாத்திரை போடறேன், வண்டி ஓட்டறேன், நல்லாத்தான் இருக்கேன். பாப்பாவுக்கும் தெரியும். மாத்திரை போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி வச்சிருந்தோம். இப்ப என் பக்கத்தை விட்டு நகர மாட்டேங்குது. ராத்திரி எந்திரிச்சு நான் மூச்சு விடறேனான்னு பாக்குது.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் வேண்டாம் டீச்சர். நீங்களே அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைக்குது. டீச்சர் சொன்னாத்தான் அதுக்கு நிஜம்” என்றார். கிளம்பும்போது, “பசங்க மத்தியில என் பேரு மட்டும் வேண்டாம்” என்றும் சொன்னார்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் என்ன சொல்வது? “பயப்படாதே, அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது” என்பதும் ஆறுதல்தானே? அது உண்மையா என்று எனக்கே தெரியாது. தெரியாமல் சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. இன்னொன்றையும் அப்படிச் சொல்ல முடியாது.

மாத்திரை அட்டையில் ‘இமாட்டினிப்’ என்று இருந்ததைக் குறித்துவைத்திருந்தேன். அங்கிருந்து படிக்கத் தொடங்கினேன். படித்ததை எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். அந்த மாத்திரையின் வேர், நான் அன்று கரும்பலகையில் எழுதிய அதே பாடத்துக்குள் இருந்தது. அதைத் தோண்டி எடுத்தவர் ஒரு பெண்மணி. நான்கு பிள்ளைகளின் தாய். அவருடைய வேலையையும், அதை நான் வகுப்பில் செயல்பாடாக்கிய முறையையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

சாப்பாட்டு மேசையில் நடந்த ஆய்வு

ஜேனட் ரௌலி 1925ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தவர். 15 வயதிலேயே உதவித்தொகை பெற்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கேயே மருத்துவம் படிக்க விரும்பினார். அப்போது ஒரு வகுப்பில் 65 இடங்கள். அவற்றில் பெண்களுக்கு மூன்று மட்டுமே. அந்த மூன்றும் நிரம்பிவிட்டதால் ஒன்பது மாதம் காத்திருந்து அடுத்த வகுப்பில் சேர்ந்தார். 1948ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். மறுநாள் திருமணம்.

நான்கு மகன்கள் பிறந்தார்கள். பிள்ளைகளை வளர்த்த ஆண்டுகளில் பகுதிநேரமாகவே பணியாற்றினார். அப்படிப் பணியாற்றிய இடங்களில் ஒன்று, டவுன் நோய்க்குறித்தொகுப்பு உள்ள குழந்தைகளுக்கான மருத்துவமனை. அக்குழந்தைகளுக்கு 21ஆம் குரோமோசோம் கூடுதலாக ஒன்று இருக்கிறது என்று 1959ஆம் ஆண்டு பிரான்சில் கண்டறியப்பட்டது. ரௌலியின் கவனம் குரோமோசோம் பக்கம் திரும்பியது. கணவருடன் ஓராண்டு இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் தங்க நேர்ந்தபோது குரோமோசோம்களை ஆராயும் முறையைக் கற்றுக்கொண்டார். 1962ஆம் ஆண்டு சிகாகோ திரும்பியதும், அங்கிருந்த இரத்தவியல் அறிஞர் லியோன் ஜேக்கப்சனிடம் போய், ஒரு நுண்ணோக்கியும் வேலை செய்ய ஓர் இடமும் பகுதிநேரச் சம்பளமும் கேட்டார். அவரும் ஒப்புக்கொண்டார்.

அந்தக் காலத்தில் குரோமோசோம்கள் நுண்ணோக்கியில் ஒரே சீரான கருமையான குச்சிகளாகத்தான் தெரியும். நீளத்தையும் வடிவத்தையும் வைத்துத் தோராயமாகக் குழு பிரிக்கலாமே தவிர, எது எட்டு, எது ஒன்பது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆனாலும் ஒரு முக்கியத் தடயம் ஏற்கெனவே கிடைத்திருந்தது. 1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா என்னும் இரத்தப் புற்றுநோய் உள்ளவர்களின் செல்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். ஊரின் பெயரே அதற்கு நிலைத்தது: பிலடெல்பியா குரோமோசோம். குட்டையாக இருக்கிறது என்றால் ஒரு துண்டு தொலைந்துபோயிருக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பதின்மூன்று ஆண்டுகள் அப்படியே போயின.

1970ஆம் ஆண்டையொட்டி ஸ்வீடனில் காஸ்பெர்சன் என்ற அறிஞரின் குழு ஒரு புதிய சாயமேற்றும் முறையைக் கொண்டுவந்தது. அந்தச் சாயத்தில் குரோமோசோம்கள் ஒளிரும். அதுவும் பட்டை பட்டையாக. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் அதற்கே உரிய பட்டை வரிசை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கைரேகை கிடைத்த மாதிரி. மறுபடி ஆக்ஸ்ஃபோர்டு போயிருந்த ரௌலி இந்த முறையையும் கற்றுத் திரும்பினார்.

ஆய்வகத்தில் எடுத்த குரோமோசோம் ஒளிப்படங்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். கத்தரிக்கோலால் ஒவ்வொரு குரோமோசோமாக வெட்டி, சாப்பாட்டு மேசையில் பரப்பி, இணை இணையாக அடுக்குவார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம்.

1972ஆம் ஆண்டு, வேறொரு வகை இரத்தப் புற்றுநோயில் 8ஆம் குரோமோசோமும் 21ஆம் குரோமோசோமும் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதை அந்த மேசையில் கண்டார். பிறகு பிலடெல்பியா குரோமோசோமை எடுத்துக்கொண்டார். குட்டையாக இருந்தது 22ஆம் குரோமோசோம். அதே செல்லில் 9ஆம் குரோமோசோம் ஒன்று சற்று நீண்டிருந்தது. இங்கே எவ்வளவு குறைவோ, ஏறக்குறைய அவ்வளவே அங்கே கூடுதல். துண்டு தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது! 1973ஆம் ஆண்டு ‘நேச்சர்’ ஆய்விதழில் இது வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 48.

குரோமோசோம் மாற்றங்கள் புற்றுநோயின் விளைவே தவிரக் காரணம் அல்ல என்பதே அன்று பலரின் கருத்து. ரௌலி வாதாடிக்கொண்டிருக்கவில்லை, தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். 1977ஆம் ஆண்டு இன்னொரு வகை லுக்கேமியாவில் 15, 17 ஆகிய குரோமோசோம்களிடையே இடமாற்றம் இருப்பதைக் காட்டினார். ஒரு வகை நோய் என்றால் அதற்கே உரிய ஓர் இடமாற்றம். திரும்பத் திரும்ப அதே இடத்தில். இது தற்செயலாக இருக்க முடியாது என்பதை மற்றவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

சுவிட்சும் மாத்திரையும்

துண்டு இடம் மாறினால் என்ன கெட்டுவிடும்? இதற்கு விடை கிடைக்க இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

9ஆம் குரோமோசோமின் முனைக்கருகே ஏபிஎல் என்ற மரபணு இருக்கிறது. அது உருவாக்கும் நொதி, செல்லின் வளர்ச்சிக்கு உதவுவது. தேவைப்படும்போது இயங்கும், பிறகு நின்றுவிடும். 9-இன் சிறு முனைத்துண்டு ஒன்று 22-க்கு வந்திருப்பது 1982ஆம் ஆண்டு உறுதியானது. அந்தத் துண்டில்தான் ஏபிஎல் மரபணு பயணம் செய்திருக்கிறது. 22-இல் அது பிசிஆர் என்ற மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய மரபணுவிலிருந்து உருவாகும் நொதிக்கு நிற்கவே தெரியாது. ‘பெருகு, பெருகு’ என்று செல்லுக்குக் கட்டளையிட்டுக்கொண்டே இருக்கும். எலும்பு மஜ்ஜையில் வெள்ளையணுக்கள் கணக்கின்றிப் பெருகுகின்றன.

வகுப்பில் இதற்கு நான் சொன்ன உவமை, வீட்டு மோட்டார் சுவிட்ச். மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் நிறுத்த வேண்டும். சுவிட்ச் ‘ஆன்’ நிலையிலேயே சிக்கிக்கொண்டால்? தொட்டி வழிந்து மாடி முழுக்கத் தண்ணீர். பழைய சிகிச்சைகளில் பல, வழியும் தண்ணீரை வாளியால் அள்ளிக் கொட்டுவது போன்றவை. அள்ளலாம், ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

சிக்கிய சுவிட்ச் எது என்று தெரிந்த பிறகு, அதை மட்டும் நிறுத்தும் மருந்தைத் தேட முடிந்தது. மருந்து நிறுவனத்தில் பணிபுரிந்த நிக்கோலஸ் லைடனின் குழு உருவாக்கிய வேதிப்பொருள்களை, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பணிபுரிந்த மருத்துவர் பிரையன் டிரக்கர் லுக்கேமியா செல்களில் சோதித்தார். அவற்றில் ஒன்று, அந்த நொதியில் ஆற்றல் மூலக்கூறு வந்து உட்காரும் குழிக்குள் தான் போய் உட்கார்ந்துகொண்டது. நொதி நின்றது. அதுதான் இமாட்டினிப்.

நோயாளிகளுக்கு முதன்முதலாக 1998ஆம் ஆண்டு ஜூன் மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். வேறு சிகிச்சை பலனளிக்காத, நோயின் தொடக்கக் கட்டத்தில் இருந்தவர்களில் 54 பேருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் கொடுக்கப்பட்டது. 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. 2001ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளே வாழ்ந்தார்கள். இன்று மருந்துக்கு நன்றாகக் கட்டுப்பட்டு, அதை ஒழுங்காக உட்கொள்பவர்களின் ஆயுள் மற்றவர்களின் ஆயுளை நெருங்கிவிட்டது.

இந்த மாத்திரையின் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு. இதன் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் நிறுவனம் கொடுத்த விண்ணப்பத்தை, 2006ஆம் ஆண்டு சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்று, கடைசியில் 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. அதனால் இந்திய நிறுவனங்கள் இதே மருந்தைப் பன்மடங்கு குறைந்த விலையில் தயாரிப்பதற்குத் தடை இல்லாமல் போயிற்று. சரக்கு ஆட்டோ ஓட்டுபவரின் சட்டைப் பைக்குள் அந்த அட்டை வந்து சேர்ந்த வழி இதுதான்.

வகுப்பறைச் செயல்பாடு

இதையெல்லாம் வாயால் சொன்னால் முக்கால்வாசி மாணவர்கள் தூங்கிவிடுவார்கள். ரௌலியின் மேசையை வகுப்புக்கே கொண்டுவந்தால் என்ன என்று தோன்றியது. 32 மாணவர்கள், நான்கு பேர் வீதம் எட்டுக் குழுக்கள். செலவு, இரண்டு வெள்ளை சார்ட் தாள்கள் மட்டுமே.

குரோமோசோமின் நீளத்தை டி.என்.ஏ. எழுத்துகளின் எண்ணிக்கையில் சொல்வதுண்டு. ஒரு கோடி எழுத்துக்கு 1 செ.மீ. என்று அளவு வைத்துக்கொண்டால் 7ஆம் குரோமோசோம் ஏறக்குறைய 16 செ.மீ., 8ஆம் குரோமோசோம் 14.5 செ.மீ., 9ஆம் குரோமோசோம் 14 செ.மீ., 22ஆம் குரோமோசோம் 5 செ.மீ. வரும். இந்த அளவில் ஒவ்வொரு குழுவுக்கும் எட்டுத் துண்டுகள் வெட்டினேன்; எல்லாம் ஒரே அகலம்.

16 செ.மீ. நீளத்தில் இரண்டு.
14.5 செ.மீ. நீளத்தில் இரண்டு.
14 செ.மீ. ஒன்று, 15.5 செ.மீ. ஒன்று.
5 செ.மீ. ஒன்று, 3.5 செ.மீ. ஒன்று.

முன்பக்கம் வெறுமை. பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பட்டைகள்: 7-க்குத் தடித்த கோடுகள், 8-க்கு மெல்லிய கோடுகள், 9-க்கு இரட்டைக் கோடுகள், 22-க்குப் புள்ளிகள். சூட்சுமம் இரண்டு துண்டுகளில் இருக்கிறது. 15.5 செ.மீ. துண்டில் 13 செ.மீ. வரை இரட்டைக் கோடுகள், கடைசி 2.5 செ.மீ.க்குப் புள்ளிகள். 3.5 செ.மீ. துண்டில் 2.5 செ.மீ. வரை புள்ளிகள், கடைசி 1 செ.மீ.க்கு இரட்டைக் கோடுகள். உண்மையான பட்டை அமைப்பு இவ்வளவு எளிமையானது அல்ல என்பதை மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

முதல் சுற்று: துண்டுகளைக் கொஞ்சம் கசக்கி வளைத்து, வெற்றுப் பக்கம் மேலே இருக்குமாறு கொடுத்தேன். அளவுகோல் கூடாது, பின்பக்கம் திருப்பக் கூடாது. “இவை நான்கு இணைகள். இணை சேருங்கள்” என்றேன். குட்டையான துண்டு ஒன்று இருப்பதை எல்லாக் குழுக்களும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டன. ஆனால் நீளமான ஆறு துண்டுகளை இணை சேர்ப்பதில் ஒரு குழுவுக்கும் இன்னொரு குழுவுக்கும் ஒத்துப்போகவில்லை. ‘குட்டைத் துண்டில் குறைந்த பகுதி எங்கே போயிருக்கும்?’ என்று கேட்டேன். “அறுந்து விழுந்திருக்கும் டீச்சர்” என்றார்கள். 1960ஆம் ஆண்டின் உலகம் நின்றிருந்த இடமும் அதுவே என்று சொன்னேன்.

இரண்டாம் சுற்று: “இப்போது திருப்பிப் பாருங்கள். அளவுகோலும் எடுத்துக்கொள்ளலாம்.” ஒரே சத்தம். 7-உம் 8-உம் உடனே சேர்ந்துவிட்டன. பிறகு இரட்டைக் கோடு போட்ட துண்டுகளில் ஒன்று ஏன் நீளம், அதன் வாலில் ஏன் புள்ளி என்ற கேள்வி. அளந்து பார்த்து எழுதச் சொன்னேன். இங்கே 1.5 செ.மீ. குறைவு, அங்கே 1.5 செ.மீ. கூடுதல். 14-உம் 5-உம் 19. 15.5-உம் 3.5-உம் அதே 19.

மூன்றாம் சுற்று: “குட்டைத் துண்டின் ஓரத்தை இன்னொரு முறை பாருங்கள்.” அங்கே 1 செ.மீ.க்கு இரட்டைக் கோடுகள். கொடுத்தது மட்டும் இல்லை, வாங்கியும் இருக்கிறது. ரௌலியின் கண்டுபிடிப்புக்கும் இந்தச் சிறு துண்டு உறுதியானதற்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள் என்று சொன்னபோது, “நாங்க ஒரே பீரியட்ல கண்டுபிடிச்சுட்டோம்” என்றான் ஒருவன். இந்த ஒரு சென்டிமீட்டரில்தான் அந்தச் சுவிட்ச் இருக்கிறது என்று சொல்லி, மோட்டார் உவமைக்கும் மாத்திரைக்கும் வந்தேன்.

மாணவர்கள் கேட்டவை

செயல்பாடு முடிந்ததும் கேள்விகளைத் தாளில் பெயர் எழுதாமல் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். வாய்விட்டுக் கேட்கத் தயங்குபவர்கள் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். முக்கியமான நான்கை மட்டும் இங்கே தருகிறேன்.

இது ஒட்டுமா? ஒட்டாது. பக்கத்தில் உட்கார்ந்தாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ இரத்தப் புற்றுநோய் பரவாது.

அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வருமா? பிலடெல்பியா குரோமோசோம் பிறவியில் வருவது அல்ல. ஒருவருடைய வாழ்நாளில், எலும்பு மஜ்ஜையின் ஏதோ ஒரு செல்லில் ஏற்படும் மாற்றம் அது. இனச்செல்களில் அது இருப்பதில்லை. ஆகவே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போவதில்லை. மரபணுவில் ஏற்படும் மாற்றம் எல்லாமே மரபுவழி நோய் அல்ல என்பதை மரபியல் பாடத்தில் அழுத்திச் சொல்ல இது நல்ல இடம்.

குணமாகிவிட்டால் ஏன் தினமும் மாத்திரை? மாத்திரை சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நன்றாக இருக்கிறதே என்று கையை எடுத்தால் மோட்டார் மறுபடி ஓடலாம். நோய் மிக ஆழமாகக் கட்டுப்பட்ட சிலருக்கு, பல ஆண்டுகளுக்குப் பிறகு மருத்துவர்கள் தொடர் பரிசோதனையுடன் நிறுத்திப் பார்ப்பதுண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

எல்லா இரத்தப் புற்றுநோய்க்கும் இந்த மாத்திரைதானா? இல்லை. இரத்தப் புற்றுநோய் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். குழந்தைகளுக்கு அதிகம் வருவது வேறு வகை. முறையான சிகிச்சை முழுமையாகக் கிடைக்கும் இடங்களில் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். ரௌலி 1977ஆம் ஆண்டு காட்டிய 15–17 இடமாற்ற நோய்க்கு, வைட்டமின் ஏ-யிலிருந்து பெறப்பட்ட மருந்தும் ஆர்சனிக் மருந்தும் இன்று பயனளிக்கின்றன. இன்னும் கடினமாகவே இருக்கும் வகைகளும் உண்டு. எந்த வகை என்று தெரிந்த பிறகுதான் எதையும் சொல்ல முடியும்.

ஆசிரியர்களின் கவனத்திற்கு

இச்செயல்பாட்டை மரபியல் பாடத்திலோ, புற்றுநோய் பற்றிய பாடப்பகுதியிலோ ஒரு பாடவேளையில் முடிக்கலாம். உயர் தொடக்க வகுப்புகளில் குரோமோசோம் என்ற சொல்லே இல்லாமல், ‘உற்றுப் பார்த்து இணை சேர்’ என்ற விளையாட்டாகவும் நடத்தலாம். மதிப்பீட்டுக்கு இந்த மூன்று வினாக்கள் போதும்: முதல் சுற்றில் உங்களால் ஏன் விடை சொல்ல முடியவில்லை? இரண்டாம் சுற்றில் புதிதாகக் கிடைத்தது என்ன? துண்டு தொலைந்தது, துண்டு இடம் மாறியது ஆகிய இரண்டில் எது சரி என்பதற்கு உங்கள் சான்று என்ன?

நோய்களைப் பற்றிப் பேசும்போது, அந்த நோய் இருக்கும் வீட்டிலிருந்து வந்த பிள்ளை ஒன்று நம் எதிரே உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டே பேசுவோம். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். அந்தப் பிள்ளையை வகுப்பில் அடையாளம் காட்டக் கூடாது. ‘வந்தால் போச்சு’ என்றும் சொல்ல வேண்டாம். ‘மாத்திரை போட்டால் எல்லாருக்கும் சரியாகிவிடும்’ என்றும் சொல்ல வேண்டாம். சிலருக்கு இந்த மருந்து கேட்பதில்லை; அவர்களுக்காக அடுத்தடுத்த மருந்துகள் வந்திருக்கின்றன. தெரியாததைக் கேட்டால், “எனக்குத் தெரியலை, படிச்சிட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்” என்று சொல்லலாம். அன்று அந்த ஐந்து நிமிடத்தில் இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் ஒரு பிள்ளை நான்கு நாள் பள்ளியை விட்டிருக்காது.

அந்த மாணவி திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தாள். வகுப்புக்கு முன் தனியாக அழைத்து, “நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. ஏன் தப்புன்னு இன்னைக்குப் பாடத்துல காட்டறேன், நீயே பாரு” என்று மட்டும் சொன்னேன். தலையசைத்தாள், நம்பியதாகத் தெரியவில்லை. வகுப்பு தொடங்கியதும் எல்லார் முன்னிலையிலும், “போன வாரம் ஒரு கேள்விக்கு நான் தவறான பதில் சொல்லிவிட்டேன். இன்றைக்குத் திருத்திக்கொள்ளப் போகிறேன்” என்று சொல்லித்தான் உறைகளைக் கொடுத்தேன்.

மூன்று சுற்றிலும் அவள் அதிகம் பேசவில்லை. இரண்டாம் சுற்றில் அளவுகோல் அவள் கையில் இருந்தது. இரண்டு முறை அளந்தாள். மாத்திரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்; நான் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

மணி அடித்தது. துண்டுகளை உறையில் போட்டுத் திருப்பித் தரச் சொன்னேன். எல்லாரும் போன பிறகு அவள் மட்டும் மேசை அருகே நின்றாள்.

“டீச்சர், இந்த ஒன்பதும் இருபத்திரண்டும் மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா? அப்பாவுக்குக் காட்டணும்.”

அந்த உறையில் நான்கு துண்டுகள் குறைந்தன. அடுத்த ஆண்டுக்காக நான் அவற்றை மீண்டும் வெட்டி வைத்திருக்கிறேன்.